மெழுகுதிரிக்கு லைசன்ஸ் இருக்கா?

இலங்கை அரசாங்கத்துக்கு மெழுகுதிரி என்றால் பயம். நம்பாதவர்கள் 2008 ஜனவரி 25 ஆம் திகதியிட்ட 1533/16 இலக்க அதிவிசேட வர்த்தமானியைத் தேடி எடுத்து வாசித்துப் பாருங்கள். சுற்றாடலை அழுக்காக்கக்கூடிய தொழில்கள் என்று அதில் மூன்று பட்டியல்கள் உண்டு. மூன்றாவது பட்டியலில், பெற்றோல் செட்டுகளோடு தோளுரசிக்கொண்டு, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் மெழுகுதிரிப் பட்டறை உட்கார்ந்திருக்கிறது. சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் இல்லாமல் அங்கே ஒரு திரியைக்கூட மெழுகில் முக்கக் கூடாது என்றது அது.

அதே பட்டியலில் கறியுப்புப் பொதி செய்கிறவன் இருக்கிறான். புகையிலை உலர்த்தும் கொட்டில்காரன் இருக்கிறான். மாதம் 1000 கிலோவுக்கும் குறைவாக அரைக்கிற மில்காரன் இருக்கிறான். உப்பு, புகையிலை, மிளகாய். யாரோ ஒருவர் கற்பிட்டிக் குடாநாட்டில் வீடு வீடாகப் படியேறி, இங்கே சனங்கள் என்ன செய்து பிழைக்கிறார்கள் என்று விசாரித்துக் குறித்துக்கொண்டு போய், அதையே பட்டியலாகப் போட்ட மாதிரி இருக்கிறது.

சட்டத்தைக் குறை சொல்ல நான் வரவில்லை. 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டம் நல்ல சட்டம். மில் ஓடினால் தூசு பறக்கும், இரைச்சல் வரும், பக்கத்து வீட்டுத் தொட்டிலில் பிள்ளை தூங்கும். கேட்க ஓர் ஆள் வேண்டும்தான். ஆனால் இந்தச் சட்டத்தின் கண் மிளகாய்த்தூளை மூலைமுடுக்கெல்லாம் தேடிக் கண்டுபிடிக்கிறது. நிலக்கரி மலையைக் கண்டால் இறுக மூடிக்கொள்கிறது. அந்தக் கண்ணைப் பற்றித்தான் பேச்சு.

கற்பிட்டிக் குடாநாட்டின் பள்ளிவாசல்துறையில் ஒரு நானா இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம், அவரைப் போல நூறு பேர் இந்தக் கரையில் இருக்கிறார்கள். 1990 ஒக்டோபரில் புலிகள் வடக்கு முஸ்லிம்களை விரட்டியபோது உடுத்த துணியோடு வந்து இறங்கிய குடும்பம். ஓலைக் குடிசையிலிருந்து தொடங்கி, கூலிக்கு வெங்காயம் நட்டு, பிறகு குத்தகைக்கு மிளகாய் போட்டு, இன்றைக்கு ஒரு துண்டு பேர்மிட் காணியும் ஒரு பழைய லொறியும் வைத்திருக்கிறார். அவருக்கு ஒரு நாள் ஒரு யோசனை வருகிறது. நாம் இங்கே மணலில் தண்ணீர் ஊற்றி மிளகாய் வளர்க்கிறோம், காயவைத்துச் செத்தலாக்கி மூட்டையில் ஏற்றி அனுப்புகிறோம், பிறகு அதே செத்தலைத் தூளாக்கி வர்ணப் பைக்கற்றில் போட்டு யாரோ திருப்பி அனுப்ப, ஊர்க் கடையில் காசு கொடுத்து வாங்கித் தின்கிறோம். இங்கேயே அரைத்தால் என்ன? இரண்டு கிரைண்டர், ஒரு சல்லடை, ஒரு பைக்கற் ஒட்டுகிற மெஷின். ஊரில் ஏழெட்டுப் பெண்பிள்ளைகளுக்கு வேலை.

நல்ல யோசனைதான். இலங்கையில் நல்ல யோசனைக்கு என்ன நடக்கும் என்று பார்ப்போம்.

காணியில் தொடங்குகிறது. பேர்மிட் காணி 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருகிறது. பயிர் செய்யவும் குடியிருக்கவும் கொடுத்தது. தொழிற்சாலை கட்ட வேண்டுமானால் பிரதேச செயலாளரின் கையெழுத்து வேண்டும். அந்தக் கையெழுத்துக்கு ஜீ.எஸ்., அதாவது கிராம சேவகரின் கடிதம் வேண்டும். பிறகு பிரதேச சபை: கட்டட வரைபடம், வீதி எல்லைச் சான்றிதழ், கட்டி முடித்ததும் இசைவுச் சான்றிதழ், அதற்கும் மேலே ஒவ்வொரு வருடமும் வியாபார அனுமதிப்பத்திரம். கடலிலிருந்து 300 மீற்றருக்குள் காணி இருந்தால் 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கச் சட்டத்தின்படி கரையோரப் பாதுகாப்புத் திணைக்களம். ஒரு பக்கம் கடலும் மறு பக்கம் களப்புமாக நீண்டு கிடக்கிற இந்த ஊசிக் குடாநாட்டில் அந்த 300 மீற்றரைத் தாண்டி ஓடினால் சில இடங்களில் அந்தப் பக்கத்துத் தண்ணீரில் விழுவீர்கள் என்பதைத் திணைக்களம் கவனித்ததாகத் தெரியவில்லை. சாப்பாட்டுச் சாமான் என்பதால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரான பீ.எச்.ஐ. ஐயா. ஆட்களை வைத்து மெஷின் ஓட்டுவதால் தொழில் திணைக்களம். அங்கே நடப்பது 1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம், வெள்ளைக்காரன் யுத்த காலத்தில் எழுதியது. ஆளுக்கு ஊழியர் சேமலாப நிதி. தராசுக்கு வருடா வருடம் முத்திரை. மெஷினுக்கு முப்பேஸ் மின்சாரம்.

இவற்றுக்கு நடுவில் மணிமகுடம் போல, சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம். நாட்டின் மற்றப் பக்கங்களில் இதற்கு மத்திய சுற்றாடல் அதிகாரசபை. கற்பிட்டி அடங்கும் வடமேல் மாகாணத்துக்கு மட்டும் ஒரு தனிப் பெருமை உண்டு: 13 ஆவது திருத்தம் கொடுத்த அதிகாரத்தை எடுத்து 1990 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சுற்றாடல் நியதிச்சட்டத்தைச் செய்து, தனக்கென்று ஒரு மாகாணச் சுற்றாடல் அதிகாரசபையையே வைத்துக்கொண்ட மாகாணம் இது. அதிகாரப் பகிர்வு அதிகாரப் பகிர்வு என்று வடக்கும் கிழக்கும் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தபோது மாகாணத் தலைநகரான குருநாகலில் ஓசையில்லாமல் செய்து முடித்தார்கள். மெச்சத்தான் வேண்டும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் பொறுத்து இந்தப் பெருமைக்கு என்ன நடந்தது என்று சொல்கிறேன்.

நானா பைலைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறார். எந்த ஒஃபிஸ் என்று கேட்காதீர்கள். எல்லா ஒஃபிஸிலும் அதே மேசை, அதே ரீ கோப்பை, அதே ஒட்டடை பிடித்த காற்றாடி.

"சேர் பீல்ட் போயிட்டார் நானா."

"எப்ப வருவார்?"

"அது சொல்ல ஏலாது. புதன்கிழமை வாங்களேன்."

புதன்கிழமை சேர் இருக்கிறார், பைல் இல்லை. அடுத்த புதன்கிழமை பைல் இருக்கிறது. அதில் இருந்த ஒரு கடிதம் இல்லை. அந்தக் கடிதத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு வருவதற்குள் முதல் கடிதத்தின் ஆறு மாதம் முடிந்துவிடுகிறது. போர்ம் சிங்களத்தில் இருக்கிறது. தமிழும் அரச கரும மொழி என்று 1987 இல் அரசியலமைப்பில் எழுதியாயிற்று. அச்சகத்துக்கு இன்னும் செய்தி போய்ச் சேரவில்லை. வாசலில் ஒருவர் போர்ம் நிரப்பிக் கொடுக்கிறார். அவருக்கு லைசன்ஸ் தேவையில்லை. இந்த நாட்டில் எந்த அனுமதியும் இல்லாமல் உடனே தொடங்கி உடனே உழைக்கக்கூடிய ஒரே தொழில் அதுதான் என்று எனக்குச் சில நேரம் தோன்றும்.

பிறகு 'இன்ஸ்பெக்சன்'. நான்கு இடத்திலிருந்து நான்கு பேர். ஒரே நாளில் ஒரே வாகனத்தில் வரலாம்தானே என்று கேட்கிறீர்களா? ஒருவர் பார்த்ததை மற்றவர் நம்பமாட்டார். ஒவ்வொருவருக்கும் தனி நாள், தனி வாகனம். அரச வாகனத்துக்கு டீசல் இல்லை என்பதால் நானாவே வேன் பிடிக்க வேண்டும். கற்பிட்டிக்கு வந்துவிட்டுக் கணவாய்க் கறி இல்லாமல் போவது மரியாதை இல்லை என்பதால் பகல் சாப்பாடும். சாப்பாடு முடிந்து மில்லுக்குள் நுழைகிறார்கள். ஒரு பிடி செத்தலைப் போட்டு மெஷினை ஓட்டிக் காட்டச் சொல்கிறார்கள். ஓட்டிக் காட்டுகிறார். அதிகாரி தும்முகிறார். ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம். கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு பைலில் எழுதுகிறார்: காற்று மாசு அவதானிக்கப்பட்டது.

மிளகாய் மில்லுக்குள் தும்மாமல் இருந்தால்தான் அது குற்றம். கலப்படம் என்று பிடிக்கலாம். ஆனால் தும்மல் ஆவணமாகிவிட்டது. ஆகவே பத்தடி உயரத்துக்கு மதில், தூசு உறிஞ்சும் கருவி, அயலவர்கள் எல்லாரிடமும் ஆட்சேபம் இல்லை என்று கடிதம். அயலவரில் ஒருவருக்கும் நானாவுக்கும் பழைய வேலித் தகராறு. அவருடைய கையெழுத்துக்குத் தனி விலை. மின்சாரம் கேட்டால் இசைவுச் சான்றிதழைக் கொண்டுவா என்கிறார்கள். இசைவுச் சான்றிதழ் கேட்டால் எல்லாம் பொருத்தி முடித்த பிறகு வா என்கிறார்கள். பொருத்திய மெஷினின் இரைச்சலை அளக்க வந்தவர், மின்சாரம் இல்லையே, எப்படி அளப்பது என்று கேட்டுத் திரும்பிப் போகிறார். ஒவ்வொருவர் சொல்வதும் அவரவர் சுற்றறிக்கைப்படி சரி. அதுதான் இதில் பயங்கரம். ஒரு கெட்டவனும் இல்லாமல் ஒரு மனிதனைச் சாகடிக்கலாம்.

கெட்டவர்களும் இல்லாமல் இல்லை. "ஒரு சந்தோசம் பார்த்துச் செய்யுங்களேன்" என்று காதோடு சொல்லப்படுகிற இடமும் வரும். இலஞ்சச் சட்டம் இந்த நாட்டில் 1954 இல் வந்தது. இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவுக்கு முறையிடக் கூப்பிடும் தொலைபேசி இலக்கமும் 1954. இலக்கத்தை நினைவில் வைத்திருப்பது சுலபம். கூப்பிட்ட பிறகு அடுத்த கையெழுத்துக்கு யாரிடம் போவது என்பதுதான் நானாவின் கேள்வி. 2023 இல் பழைய சட்டத்தை நீக்கிப் புதிய ஊழல் எதிர்ப்புச் சட்டம் கொண்டுவந்தார்கள். சந்தோசத்தின் விலை குறைந்ததாக யாரும் சொல்லக் கேட்கவில்லை.

இப்போது அதே குடாநாட்டில், அதே மணலில், அதே காற்றில் நிற்கிற மற்றொரு தொழிற்சாலைக்கு வருவோம். நுரைச்சோலை. அரச மொழியில் லக்விஜய அனல்மின் நிலையம். 300 மெகாவாற் வீதம் மூன்று அலகுகள், மொத்தம் 900 மெகாவாற். சீன எக்சிம் வங்கியின் கடன், சீனக் கம்பனியின் கட்டுமானம். ஆண்டொன்றுக்கு இருபது இலட்சம் தொன்னுக்கும் மேலான நிலக்கரி கடல் வழியே வந்து இறங்குகிறது. கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில் கொண்டுவந்து குவித்துவிட்டு, தென்மேல் பருவக்காற்று அடிக்கும் மாதங்களில் எரிக்கிறார்கள். அதாவது, காற்று உச்சத்தில் இருக்கும்போது குவியலும் வெளியில் கிடக்கிறது. மிளகாய்த்தூளுக்குப் பத்தடி மதில் கேட்ட நாடு இது.

இந்த நிலையம் முதலில் திருகோணமலைக்கு என்றார்கள். அங்கே முடியாமல் போயிற்று. தெற்கே மாவெல்லைக்கு என்றார்கள். அங்கேயும் முடியாமல் போயிற்று. கடைசியில் எங்கள் தலையில். தலவில புனித அன்னம்மாள் திருத்தலம் பக்கத்தில் இருக்கிறதே என்று சிலாபம் மறைமாவட்டமும் ஊர்ச் சனங்களும் வருடக்கணக்காக எதிர்த்தார்கள். ஓர் அரசாங்கம் ஒத்திவைத்தது, அடுத்த அரசாங்கம் தூசு தட்டி எடுத்தது. 2006 இல் வேலை தொடங்கி 2011 மார்ச்சில் முதல் அலகு ஓடியது. 2014 செப்டெம்பரில் சீன ஜனாதிபதி ஷி ஜின்பிங் இலங்கை வந்தபோது மிச்சத்தையும் மகிந்த ராஜபக்ஷவோடு சேர்ந்து திறந்துவைத்தார். பீ.எச்.ஐ. ஐயா வந்து சுவரைத் தட்டிப் பார்த்ததாகத் தகவல் இல்லை.

இனி அனுமதிப்பத்திரம். அந்த 2008 வர்த்தமானியின் மூன்று பட்டியல்களில் மிளகாய் மில்லும் மெழுகுதிரியும் கடைசிப் பட்டியல், மூன்று வருடத்துக்கு ஒரு தரம் புதுப்பித்தால் போதும் என்றது. அனல்மின் நிலையம் முதல் பட்டியல், ஆகக் கூடிய அழுக்கு என்பதால் வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும் என்றது. எழுத்தில் எவ்வளவு அழகு! நடந்தது என்னவென்றால், நுரைச்சோலையின் சுற்றாடல் அனுமதிப்பத்திரம் 2017 இல் காலாவதியானது. மாகாண அதிகாரசபையின் நிபந்தனைகள் நிறைவேறவில்லை, பத்திரம் புதுப்பிக்கப்படவில்லை. நிலையம்? அது பாட்டுக்கு ஓடியது. ஒரு வருடம், இரண்டு வருடம் என்று அல்ல, பல வருடங்கள். இதைச் சொல்வது நான் இல்லை. அரச கணக்காய்வு அறிக்கைகளே எழுதின. சுற்றாடல் நீதிக்கான நிலையம் என்ற அமைப்பு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. சாம்பலும் கரித்தூசும் பயிரில் படிகிறது, கிணற்றில் விழுகிறது, பிள்ளைகளுக்கு மூச்சு இழுக்கிறது என்று நரக்களியிலும் இலந்தையடியிலும் சனங்கள் சொல்லிச் சொல்லி வாய் வலித்துப் போனார்கள்.

அதிகாரப் பகிர்வின் பெருமையான அந்த மாகாண அதிகாரசபைக்கு வருவோம் என்றேன் அல்லவா? அதன் நிலைமையை நினைத்தால் எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வருகிறது. பத்திரம் தரமாட்டோம் என்று சொல்ல அதற்குத் துணிவு இருந்தது. அந்தத் துணிவுக்கு வணக்கம். ஆனால் பத்திரம் இல்லையென்றால் நிறுத்து என்று சொல்ல வழி இல்லை. மில்காரனிடம் அந்த இரண்டாவது வசனம் தேவையே இல்லை. முதல் வசனத்திலேயே அவன் முடிந்துவிடுவான். மின்சார சபையிடம் இரண்டாவது வசனத்தைச் சொல்லிப் பாருங்கள். கொழும்பு இருளும், அமைச்சர் சீறுவார், பத்திரிகைகள் மாகாண சபையைக் கிழிக்கும்.

இந்த நாட்டின் லைசன்ஸ் முறையை ஒரே வரியில் சொல்லச் சொன்னால் இப்படித்தான் சொல்வேன்: நிறுத்த முடிந்தவன் அனுமதி கேட்க வேண்டும், நிறுத்த முடியாதவன் கேட்க வேண்டியதில்லை. எவ்வளவு அழுக்கு என்பது கணக்கிலேயே இல்லை.

"நாட்டுக்கு மின்சாரம் வேண்டாமா?" என்று உடனே கிளம்பி வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வேண்டும். எங்கள் வீட்டிலும் மின்விளக்குத்தான் எரிகிறது. நுரைச்சோலையை மூடு என்று இங்கே யாரும் கேட்கவில்லை. மற்றவனிடம் கேட்டதை அதனிடமும் கேள் என்கிறோம். குவியலை மூடு, காற்றுத் தடுப்பு வேலியை ஒழுங்காகப் போடு, சாம்பலை நனைத்து வை, பத்திரத்தை எடு. இத்தனை கோடிக் கடன் வாங்கிக் கட்டியவர்களுக்கு ஒரு வேலி பெரிய செலவா? நானா மதில் கட்ட மனைவியின் தாலிக்கொடியை அடகு வைத்தார். மின்சார சபைக்கு அந்தச் சிரமம்கூட இல்லையே, செலவை எங்கள் பில்லில் போட்டுவிடலாம்.

அந்த மின்சாரத்தின் இலட்சணத்தையும் பார்த்தோம். 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி பாணந்துறை உப மின் நிலையத்துக்குள் ஒரு குரங்கு புகுந்தது என்றும், அதனால் நாடு முழுவதும் இருண்டது என்றும் அமைச்சரே சொன்னார். நுரைச்சோலையும் விழுந்து, எழும்பி உட்கார நாட்கள் எடுத்தது. அந்த நாட்களில் வீட்டுக்கு வீடு மெழுகுதிரி. அதைச் செய்தவனிடம் லைசன்ஸ் இருந்திருக்கும் என்று நம்புகிறேன். குரங்கிடம் இருந்ததா என்று யாரும் விசாரிக்கவில்லை.

புத்தளத்துக்கு அனுமதியே கிடைப்பதில்லை என்று சொன்னால் அது பொய். குப்பைக்குக் கிடைத்தது. 2017 ஏப்ரல் 14 ஆம் திகதி, புதுவருட நாளில், மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து முப்பதுக்கு மேற்பட்டவர்கள் செத்துப் போனார்கள். கொழும்புக்குக் குப்பை போட வேறு இடம் வேண்டும். வனாத்தவில்லுப் பக்கம் அருவக்காடு ஏற்கெனவே கண்ணில் பட்டிருந்தது. சீமெந்துக்காகச் சுண்ணாம்புக் கல் தோண்டிய பூமி. ஏற்கெனவே சீமெந்துத் தூசைத் தின்றவர்கள், ஏற்கெனவே கரிப் புகையைத் தின்கிறவர்கள், குப்பையையும் தின்னட்டும் என்று முடிவு. புத்தளத்தில் மாதக்கணக்காக வீதியில் உட்கார்ந்து எதிர்த்தார்கள். பள்ளிவாசலும் கோயிலும் விகாரையும் தேவாலயமும் ஒன்றாக நின்றதை இந்த மாவட்டம் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறது. 2019 ஓகஸ்ட்டில் லொறிகள் வந்தன. ஒக்டோபரில் அந்த இடத்திலேயே வெடிப்பு. ஆட்சேபம் இல்லை என்ற அயலவர் கடிதத்தை அந்தக் குப்பைக்கு யார் கொடுத்தார்கள் என்று எனக்குத் தெரிந்துகொள்ள ஆசை. ஓர் அயலவரின் கையெழுத்து இல்லாமல் மிளகாய் மில் நிற்கிறது. ஒரு மாவட்டத்தின் கையெழுத்து இல்லாமல் குப்பை வந்தது.

இதெல்லாம் அரசாங்கங்களுக்குத் தெரியாது என்று நினைக்காதீர்கள். நன்றாகத் தெரியும். தெரிந்துதான் பெரியவர்களுக்கென்று தனிக் கதவுகள் திறந்து வைத்திருக்கிறார்கள். 1978 இல் பாரிய கொழும்பு பொருளாதார ஆணைக்குழு, 1992 இல் அதுவே முதலீட்டுச் சபை. ஒரே கூரையின் கீழ் எல்லா அனுமதியும் என்றார்கள். கூரை போதவில்லை. 2008 இல் உபாய அபிவிருத்திக் கருத்திட்டச் சட்டம் வந்தது. வர்த்தமானியில் பெயர் வந்தால் 25 வருடம் வரை வரிச்சலுகை. 2021 இல் கொழும்புத் துறைமுக நகருக்குத் தனி ஆணைக்குழு, தனிச் சட்டம். 2024 இல் பொருளாதார மாற்றச் சட்டம், எழுத்தில் மறுபடி ஓர் ஆணைக்குழு. பழைய கதவுகளை மூட யாரும் அவசரப்படவில்லை. புதிய கதவு ஒன்று சேர்ந்தது, அதற்குப் புதிய தலைவர், புதிய வாகனம், புதிய கட்டடம். பள்ளிவாசல்துறையிலிருந்து பார்த்தால் அந்தக் கதவு ஒன்றுகூடக் கண்ணுக்குத் தெரியாது. அது டொலரோடு வருகிறவனுக்கு.

உலக வங்கி தொழில் செய்யும் சுலபத்துக்கு நாடுகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தது. 2020 அறிக்கையில் 190 நாடுகளில் இலங்கைக்கு 99 ஆவது இடம். அதை முன்னேற்றக் கொழும்பில் குழுக்கள் கூடி ரீ குடித்தன. அந்தப் பட்டியல் கொழும்பிலிருக்கும் ஒரு கற்பனைக் கம்பனிக்கு எத்தனை நாள் ஆகும் என்று அளந்தது. களப்பு ஓரத்தில் நிற்கிற நானாவை அளக்கவில்லை. பிறகு என்ன நடந்தது தெரியுமா? சீனா, சவூதி போன்ற நாடுகளின் தரவுகளில் முறைகேடு நடந்தது வெளியே வர, 2021 செப்டெம்பரில் உலக வங்கி அந்த அறிக்கையையே மூடிவிட்டது. பரீட்சை வைத்தவனே கொப்பியடித்து மாட்டிக்கொண்டான். எங்கள் பெரியவர்களோ இன்னும் அந்தப் புள்ளியை மேடையில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

நானாவுக்கு நான் ஓர் ஆலோசனை சொல்லலாம் என்று இருக்கிறேன். மில்லுக்கு 'லக்விஜய மிளகாய் நிலையம்' என்று பெயர் வையுங்கள். இரண்டு கிரைண்டரையும் கழற்றி எறிந்துவிட்டு, நாளொன்றுக்கு ஆயிரம் தொன் அரைக்கிற ஒன்றைச் சீனாவிலிருந்து கடனுக்கு இறக்குங்கள். கடனை நீங்கள் கட்டத் தேவையில்லை, பேரப்பிள்ளைகள் கட்டுவார்கள். தூசு ஊரெல்லாம் பறக்கட்டும். கற்பிட்டியிலிருந்து பாலாவி வரைக்கும் சனம் தும்மட்டும். திறப்பு விழாவுக்கு இரண்டு நாட்டு ஜனாதிபதிகளைக் கூப்பிடுங்கள். பத்திரம் எங்கே என்று எவனாவது கேட்டால், நான் நிறுத்தினால் நாடு முழுக்கக் கறி வெள்ளையாகிவிடும், சம்மதமா என்று கேளுங்கள். அதற்குப் பிறகு உங்களிடம் ஒருவரும் வரமாட்டார். வந்தாலும் வேன் அவர்களே பிடித்து வருவார்கள்.

கிண்டல் போதும். நானாவின் கதை எப்படி முடியும் என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். மெஷின் வாங்கிய லீசிங் கம்பனி தவணை கேட்கும். அதற்குப் பைல் எந்த மேசையில் கிடக்கிறது என்ற கவலை இல்லை. ஒன்றில் மெஷினை அரை விலைக்கு விற்றுவிட்டு மறுபடி செத்தல் மூட்டையை லொறியில் ஏற்றுவார். அல்லது இரவில் கதவைச் சாத்திக்கொண்டு களவாக அரைப்பார். களவாக அரைக்கிறவனுக்கு மதிலும் இல்லை, தூசு உறிஞ்சியும் இல்லை, வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சேமலாப நிதியும் இல்லை. சட்டம் எதைக் காப்பாற்றத் தொடங்கியதோ அதெல்லாம் அந்தக் கதவுக்குப் பின்னால் முதலில் சாகும். அப்படி அரைக்கிறவனை ஒரு நாள் பிடிப்பார்கள். புத்தளம் நீதிமன்றத்தில் தண்டம் கட்டுவார். மறுநாள் பத்திரிகையில் ஒரு மூலையில் வரும்: அனுமதிப்பத்திரமின்றி இயங்கிய ஆலை முற்றுகை. முற்றுகை என்ற வார்த்தையைப் பாருங்கள், ஏதோ கோட்டையைப் பிடித்த மாதிரி. அனுமதிப்பத்திரமின்றி 900 மெகாவாற் ஓடிய வருடங்களில் அந்த வார்த்தையை ஒருவரும் எடுக்கவில்லை.

அதிகாரிகளிடம் கேட்க எனக்கு ஒன்றுதான் இருக்கிறது. பிரதேச சபை லைசன்ஸைக் கடைச் சுவரில் கண்ணில் படும்படி தொங்கவிடச் சொல்லி சின்னக் கடைக்காரனை வெருட்டுகிறீர்களே, நுரைச்சோலை வாசலிலும் அதன் சுற்றாடல் பத்திரத்தைத் தொங்கவிடச் செய்யுங்கள். இலக்கமும் முடிவுத் திகதியும் வீதியில் போகிறவனுக்குத் தெரியும்படி, மூன்று மொழியிலும். பத்திரம் இருந்தால் அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

அவர்கள் தொங்கவிடும்வரை காத்திருக்கத் தேவையில்லை. இதை வாசிக்கிறவர்கள் ஒரு காரியம் செய்யலாம். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நமக்கும் உரியது. விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. காரணம் சொல்லவும் தேவையில்லை. தமிழிலேயே எழுதலாம். நிலையத்தை நடத்துகிற நிறுவனத்தின் தகவல் அதிகாரிக்கு ஒன்று, மாகாணச் சுற்றாடல் அதிகாரசபையின் தகவல் அதிகாரிக்கு ஒன்று: லக்விஜய நிலையத்தின் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திர இலக்கம் என்ன, எத்தனையாம் திகதி வரை செல்லும், பத்திரம் இல்லாமல் ஓடிய காலத்துக்கு யார்மீது என்ன நடவடிக்கை எடுத்தீர்கள். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். ஒருவர் எழுதினால் பைலுக்குள் போகும். பள்ளிவாசல்துறையிலிருந்தும் நுரைச்சோலையிலிருந்தும் தலவிலவிலிருந்தும் ஐந்நூறு பேர் எழுதுங்கள்.